லீஸ் காரோடு டோம்பிவிலிக்குக் குடிவந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்திலும் இருந்த பழைய கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போனதால், டோம்பிவிலியில் வாடகைக்கு வீடு பிடித்து வந்திருக்கும் நண்பர்களே,

உங்கள் கார்களை எனக்குத் தெரியும். முன் கண்ணாடியில் இடித்துத் தள்ளிய சொசைட்டியின் பார்க்கிங் ஸ்டிக்கர் இன்னும் கிழியாமல் இருக்கிறது. டேஷ்போர்டில் சேடா நகர் முருகன். காலை ஏழேகாலுக்கு மான்பாடா ரோட்டில் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, காட்டை நாக்கா பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போவீர்கள். அவற்றில் பாதி உங்கள் பெயரில் இல்லை என்பதும் தெரியும். கம்பெனி மூலமாக மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று லீஸில் எடுத்தவை. அல்லது மாதச் சந்தாவில் ஓட்டுபவை. ஆபீஸ் அட்மின் வேலையில் இப்படிப்பட்ட கார்களின் காகிதங்களைப் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். அதனால்தான் இந்த மடல்.

வங்கிக் கடனில் கார் வாங்கியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் ஆர்சி புத்தகத்தில் வங்கியின் பெயர் அடமானமாக ஏறியிருக்குமே தவிர, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்று அது கேட்காது. விற்கும்போது மீட்டரைப் பார்த்து ஆயிரம் சொல்வார்கள், அவ்வளவுதான். லீஸ்காரர்கள் கதை வேறு. ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று இன்னொரு வரி இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், பின்னிணைப்பில். மூன்று வருஷம் கழித்துக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கு என்ன விலை போகும் என்று முதல் நாளே கணக்குப் போட்டுத்தான் உங்கள் மாதத் தவணையைக் குறைத்திருக்கிறார்கள். நீங்கள் கூடுதலாக ஓட்டினால் அந்த விலை இறங்கும், இறங்கியதை உங்களிடம் வாங்குவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த வரியில் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் செம்பூரில் இருந்தீர்கள்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆபீஸ் பிகேசியில், வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் எல்லை, அதாவது மாதம் 1,250 என்று வைத்துக்கொள்கிறேன். செம்பூரிலிருந்து போய்வர 20 கிலோமீட்டர். மாதம் 22 வேலை நாளுக்கு 440. ஞாயிறு கோவில், மாமனார் வீடு, எப்போதாவது லோனாவாலா எல்லாம் சேர்த்து இன்னொரு 270 போட்டாலும் 710தான். கையில் நிறைய மிச்சம். இப்போது டோம்பிவிலியிலிருந்து ஒரு வழிக்கு சுமார் 45. போய்வர 90, மாதம் 1,980. அதே 270ஐச் சேர்த்தால் 2,250. எல்லைக்கு மேல் சரியாக 1,000 கிலோமீட்டர். கூடுதல் கட்டணம் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் என்றால் மாதம் 8,000, வருஷம் 96,000, மூன்று வருஷத்துக்கு 2,88,000. மேலே ஜிஎஸ்டி. 8 ரூபாய் என்பது என் உதாரணம். உங்கள் பின்னிணைப்பில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தின் கெட்ட குணம், அது மாதாமாதம் கண்ணில் படாது. பெட்ரோல் செலவு ஏறினால் மறுவாரமே வீட்டில் பேச்சு வரும். கிலோமீட்டர் கடன் சத்தமில்லாமல் ஓடோமீட்டரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும், கார் திரும்பிப் போகும் நாளில்தான் பில்லாக வரும். உங்கள் விஷயத்தில் அந்த நாள் எப்போது வருகிறது என்று யோசித்தீர்களா? பில்டர் 36 மாதத்தில் சாவி தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். (அந்த 36 மாதத்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.) லீஸும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் முடிகிறது. புது வீட்டுக்கு ஃபர்னிச்சர், மாடுலர் கிச்சன், கிரகப்பிரவேசம் என்று கை கடிக்கிற நேரத்தில் இதுவும் வந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு. பில்டர் மாதாமாதம் கொடுக்கிற வாடகைப் பணம் செம்பூர் விலையில் வருகிறது. நீங்கள் டோம்பிவிலி விலையில் வீடு எடுத்திருக்கிறீர்கள். நடுவில் நிற்கும் தொகையை லாபம் என்று நினைக்கிறீர்கள். அந்தத் தொகையிலிருந்துதான் மேலே சொன்ன 8,000 போக வேண்டும். முன்பு 440 ஓடிய இடத்தில் இப்போது 1,980 ஓடுவதால் கூடும் 1,540 கிலோமீட்டருக்குப் பெட்ரோலும் அதிலிருந்துதான். கிலோமீட்டருக்கு 7 ரூபாய் போட்டால் 10,780. இரண்டும் சேர்த்து மாதம் 19,000க்குப் பக்கம். இங்கே ஒரு நல்ல இரண்டு பெட்ரூம் வீட்டு வாடகை அது. மிச்சம் பிடிக்க வந்த இடத்தில் இரண்டாவது வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2024 அக்டோபர் 14 நள்ளிரவிலிருந்து மும்பைக்குள் நுழையும் ஐந்து டோல் நாக்காக்களிலும் இலகு ரக வாகனங்களுக்குக் கட்டணம் ரத்தானது. ஐரோலியிலும் முலுண்டிலும் காசு கொடுத்துக் கடந்த காலத்தில், காரை எடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சமாவது யோசித்தவர்கள் இப்போது யோசிப்பதே இல்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தத்துக்குள் உட்கார்ந்திருக்கும் டோலை எந்த அமைச்சரவையும் ரத்து செய்யவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மகாபே, கன்சோலி, ஐரோலி பக்கம் வேலை பார்ப்பவர்கள் நிம்மதியாகக் காரை எடுங்கள். ஷில்பாட்டா வழியாக மகாபே ஒரு வழிக்கு 20 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் 880, சொந்த உபயோகம் 270, மொத்தம் 1,150. எல்லைக்குள் நிற்கிறது. ரயிலில் போனால் தாணேயில் இறங்கி, பாலம் ஏறி இறங்கி, டிரான்ஸ் ஹார்பர் வண்டிக்குக் காத்து நிற்க வேண்டும். கல்யாண்–ஷில் ரோட்டின் நெரிசலைச் சகித்துக்கொண்டால் இவர்களுக்குக் கார்தான் நியாயம். அந்த ரோட்டில் மெட்ரோ 12க்கான வேலை நடக்கிறது என்பதையும், 2025 ஜூலையில் பலாவா மேம்பாலம் திறந்த அன்றே சில மணி நேரத்தில் மூடப்பட்டு, சரி செய்து மறுபடி திறக்கப்பட்டதையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் அதில்தானே கிளட்சை மிதிக்கிறீர்கள்.

பிகேசி, அந்தேரி, லோவர் பரேல் ஆட்கள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தினமும் கார் வேண்டாம். இந்த ஊருக்கு உங்களுக்கு முன் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சீசன் பாஸோடுதான் வந்தன. இங்கே வாழ்க்கை ஓடியதே அந்தப் பாஸை நம்பித்தான். அந்தேரி போகிறவர்களுக்குக் காட்கோபரில் இறங்கினால் 2014 ஜூனிலிருந்து மெட்ரோ ஒன்று ஓடுகிறது. பிகேசிக்குக் குர்லாவில் இறங்கி ஷேர் ரிக்ஷாவோ பஸ்ஸோ பிடிக்கலாம். சிஎஸ்எம்டி–கல்யாண் தடத்தில் 2020 டிசம்பரிலிருந்து ஏசி லோக்கல் வருகிறது. 2022 மே மாதம் அதன் டிக்கெட் விலையைப் பாதியாகக் குறைத்த பிறகு, காரின் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை.

“அங்கிள், கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். 2025 ஜூன் 9 காலை, மும்ப்ரா வளைவில் எதிரெதிரே கடந்த இரண்டு லோக்கல்களின் கதவோரம் தொங்கிய பயணிகள் உரசிக் கீழே விழுந்து உயிர்கள் போனதை நானும் மறக்கவில்லை. ஃபுட்போர்டில் தொங்கி ஆபீஸ் போ என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் சொல்வது வேறு. டோம்பிவிலியிலிருந்தே புறப்படும் வண்டிகளின் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்; அவை ஸ்லோவாக இருந்தாலும் ஏறுங்கள். இருபது நிமிஷம் கூட ஆகும், உட்கார இடம் கிடைக்கும். ஷில்பாட்டாவில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அந்த இருபது நிமிஷம் கரைந்துவிடும். இதயநோய்க்காரர்கள், கர்ப்பிணிகள், இரவு ஷிப்டில் இறங்கும் பெண்கள் ஆகியோரிடம் இந்த வாதத்தையே எடுக்க மாட்டேன். அவர்கள் கார் எடுக்கட்டும், கிலோமீட்டருக்கு வேறு வழி பார்ப்போம்.

ஐந்து நாளும் ரயில் என்றுகூட நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கார், மற்ற நாளில் ரயில் அல்லது வீட்டிலிருந்து வேலை என்று வைத்தால் மாதம் 9 நாள் வரும். 9 நாளுக்கு 810 கிலோமீட்டர், சொந்த உபயோகம் 270, ஆக 1,080. எல்லைக்குள் வந்துவிட்டீர்கள், கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. எந்த இரண்டு நாள் என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். மழையைப் பார்த்து, மனநிலையைப் பார்த்து எடுத்தால் நாலாகிவிடும்.

ரயில் ஒத்துவராதவர்களுக்கு நான் மிகவும் நம்பும் வழி, முறை வைத்துச் சேர்ந்து போவது. ஒரே காம்ப்ளெக்ஸில், ஒரே பக்கம் ஆபீஸ் உள்ளவர்கள் நான்கு பேர், நான்கு பேரிடமும் லீஸ் கார். ஒரு வாரம் ஒருவர் கார். ஒவ்வொரு காரும் மாதத்தில் ஆபீஸுக்கு ஓடுவது 1,980ல் கால் பங்கு, 495. நான்கு பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேர் போதும். 990உம் 270உம் சேர்ந்து 1,260. எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பக்கத்து விங்கில் ஒரே ஒரு மனிதரோடு பேச்சு வைத்துக்கொள்வதற்கு மூன்று வருஷத்தில் கிடைக்கும் கூலி ஏறக்குறைய 2,85,000 ரூபாய்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. காசு வாங்காதீர்கள். லீஸ் ஒப்பந்தத்தில் காரை வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று இருக்கும். தனியார் காரின் இன்சூரன்ஸும் கூலிக்கு ஆள் ஏற்றுவதைத் தாங்காது. ஆப் மூலம் சொந்தக் காரில் சீட்டு கொடுப்பதற்கு 2023 ஜனவரியில் மாநில அரசு தடையே போட்டது. அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் விதிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. முறை வைத்து ஓட்டுவதில் யாரும் யாருக்கும் பணம் தர வேண்டியதே இல்லை. அவரவர் வாரத்துக்கு அவரவர் பெட்ரோல், அவரவர் ஃபாஸ்டேக். பாக்கி என்று ஒன்று இல்லாததால் சண்டையும் கிடையாது. சண்டை வந்தால் ஏசி அளவைப் பற்றித்தான் வரும். அல்லது ஏழு பத்துக்குக் கீழே வராமல் “லிஃப்டில் இருக்கேன்” என்று போனில் பொய் சொல்பவரைப் பற்றி வரும். காலையில் சேர்ந்து போய், மாலையில் வேலை முடியும் நேரம் ஒத்துவராதவர் ரயிலில் திரும்புவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் அதுவும் தீர்ந்தது.

இவை எதுவும் சரிப்படவில்லை, தினமும் தனியாகத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், இன்றைக்கே ஆபீஸ் எச்ஆரிடமோ லீஸ் கம்பெனியிடமோ போய்ப் பேசுங்கள். ஒப்பந்தத்தின் நடுவில் கிலோமீட்டர் எல்லையை உயர்த்திக்கொள்ளப் பல கம்பெனிகள் இடம் கொடுக்கும். மாதத் தவணை ஏறும். ஆனால் முன்கூட்டிச் சொல்லி வாங்கும் கிலோமீட்டரின் விலை, கடைசியில் அபராதமாகக் கட்டும் விலையைவிடப் பொதுவாகக் குறைவாக இருக்கும். கேட்கும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். எல்லை வருஷாவருஷம் பார்க்கப்படுகிறதா, முழுக் காலத்துக்கும் மொத்தமாகவா என்பது முதலாவது. மொத்தமாக என்றால், செம்பூரில் இருந்த காலத்தில் நீங்கள் ஓட்டாமல் விட்ட கிலோமீட்டர் இன்னும் உங்கள் கணக்கில் இருக்கிறது. மாதம் 540 வீதம் ஒரு வருஷத்துக்கு 6,480. அது சின்ன விஷயமில்லை. இரண்டாவது, உங்கள் கம்பெனியில் லீஸ் எடுத்த எல்லாக் கார்களின் கிலோமீட்டரையும் ஒரே தொகுப்பாகப் பார்க்கும் ஏற்பாடு உண்டா? இருந்தால், காரை அதிகம் எடுக்காத ஒருவரின் மிச்சம் உங்களைக் காப்பாற்றும். மூன்றாவது, சர்வீஸும் டயரும் எத்தனை கிலோமீட்டர் வரை அவர்கள் செலவு? 45,000 வரை என்று இருந்தால் நீங்கள் அதை இரண்டு வருஷம் முடிவதற்குள்ளேயே தாண்டிவிடுவீர்கள். அதன் பிறகு பிரேக் பேட் முதல் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

இன்சூரன்ஸையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப பிரீமியம் என்ற வசதியை 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. செம்பூரில் இருந்தபோது “நான் குறைவாகத்தான் ஓட்டுவேன்” என்று அதை எடுத்துப் பிரீமியத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். பாலிசியில் சொன்ன கிலோமீட்டர் தீர்ந்த பிறகு, டாப்-அப் செய்யாமல் எங்காவது இடித்தால் உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் வருவதில் தகராறு வரும். கல்யாண்–ஷில் ரோட்டில் இடிக்காமல் இருப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை.

மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு தலைகீழ் எச்சரிக்கை. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது காரை 9.99 லட்சத்துக்கு வாங்கி, பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை கட்டும் திட்டம் அறிமுகமானது. அதில் மாதம் குறைந்தது 1,500 கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அதாவது கார் சும்மா நின்றாலும் 5,250 ரூபாய். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இருப்பவர், ரயிலில் போகிறேன் என்று காரை நிறுத்தி வைத்தால் கைநஷ்டம்தான். நான்கு பேர் சேர்ந்து போகும் முறையில் இவருக்கு இரண்டு வாரம் கொடுத்துவிடுங்கள், எல்லோருக்கும் லாபம்.

நெட்டில் பார்த்துவிட்டு யாராவது ஓடோமீட்டரைப் பின்னோக்கித் திருப்பிவிடும் ஆளைக் காட்டுவதாகச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. மாட்டினால் கூடுதல் கட்டணத்தோடு மோசடி வழக்கும் சேர்ந்து வரும். அதேபோல, பெட்ரோல் செலவைக் குறைக்க லீஸ் காரில் வெளியே சிஎன்ஜி கிட் மாட்டுவதும் கூடாது; கார் உங்களுடையது இல்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் சொசைட்டி ஆபீஸைத் திறந்து வைக்கிறேன். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பையும் ஓடோமீட்டரின் போட்டோவையும் கொண்டு வாருங்கள். காரை எடுத்த தேதி தெரிந்தால் இன்றைக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். சேர்ந்து போக ஆள் தேடுபவர்கள் ஆபீஸ் இருக்கும் இடம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்து வாருங்கள். பிகேசிக்கு ஏழேகாலுக்குப் புறப்படுபவர்கள் ஏற்கனவே மூன்று பேர் இருக்கிறார்கள். நாலாவது ஆள் கொஞ்சம் சீக்கிரம் எழுபவராக வந்தால் நல்லது.

அன்புடன்,
மான்பாடா ரோடு பழைய குடித்தனக்காரன்
டோம்பிவிலி கிழக்கு